வெட்டுக்காயப் பூண்டும் 96 குழிகளும்

எம்.ஃபார்ம் ப்ராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது வெட்டுக்காயப் பூண்டு. சின்ன வயதில் பூவின் தலையைச் சுண்டிவிட்டு விளையாடுவோமே, அந்தச் செடிதான். அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த களை என்பது படித்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் அரிவாள் பட்டால் உடனே அந்த இலையைத்தான் கசக்கிப் பிழிவார்கள். அதனால் நம் மண்ணின் செடி என்றே நினைத்திருந்தேன்.

தோல் காயங்களில் அடிக்கடி சீழ் வைப்பது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. அதற்கு எதிராக சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு இந்த இலைச்சாற்றைச் சேர்த்தால் குறைந்த மருந்தே போதுமா? இதுதான் என் கேள்வி.

சாறு எடுப்பது பொறுமை கேட்கும் வேலை, அவ்வளவுதான். தாவரவியல் துறையில் செடியை உறுதிசெய்து, நிழலில் உலர்த்திப் பொடித்து, 70 சதவீத எத்தனாலில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி வற்றவைத்தேன். கரும்பச்சைப் பிசின் மிஞ்சியது. தண்ணீரில் சரியாகக் கரையாததால் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்தேன்.

அப்புறம்தான் உண்மையான சோதனை. 8 வரிசை, 12 பத்தி, மொத்தம் 96 குழிகள் உள்ள தட்டு. பத்திகளில் மருந்தும் வரிசைகளில் சாறும் பாதிபாதியாகக் குறைந்துகொண்டே வரும். பாக்டீரியா வளர்ந்தால் வரும் கலங்கல் சாற்றின் பச்சை நிறத்தில் தெரியாது என்பதால் ரெசஸூரின் என்ற நீலச் சாயத்தை ஊற்றினேன். பாக்டீரியா உயிரோடு இருந்தால் அது பிங்க் ஆகும். காலையில் இன்குபேட்டரைத் திறந்தால் சாறு அதிகமுள்ள குழிகளெல்லாம் பிங்க்! மருந்து நிறைய இருந்த குழிகூட. சாறு பாக்டீரியாவை வளர்த்துவிட்டதோ என்று பயந்துபோனேன்.

பாக்டீரியாவே போடாமல் சாறும் சாயமும் மட்டும் ஒரு வரிசையில் வைத்துப் பார்க்கச் சொன்னார் என் வழிகாட்டி மேடம். அதுவும் பிங்க். இலையில் உள்ள பொருள்களே சாயத்தை மாற்றிவிடுகின்றன. நான் செய்த தவறு, சாயத்தை முதல் நாளே ஊற்றி இரவு முழுக்க விட்டது. அதன் பிறகு சாயத்தைக் கடைசியில்தான் ஊற்றினேன். ஒரு மணி நேரத்துக்குள், பாக்டீரியா இல்லாத வரிசையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறத்தை ஒப்பிட்டுக் குறித்தேன். சாறு மிக அதிகமாக இருந்த வரிசைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த ஒரு விஷயத்துக்கே இரண்டு மாதம் போனது.

சரி, முடிவு வந்தது. தனியாக மில்லிலிட்டருக்கு 0.25 மைக்ரோகிராம் தேவைப்பட்ட சிப்ரோஃப்ளாக்சசின், சாறு சேர்ந்ததும் அதில் பாதியிலேயே பாக்டீரியாவை அடக்கியது. சாறும் பாதி அளவே போதுமாக இருந்தது. மேடத்திடம் ஓடினேன்.

"கூட்டிப் பாரும்மா" என்றார்.

மருந்து 0.5, சாறு 0.5. மொத்தம் 1. கூட்டு வலிமை என்று சொல்ல இந்தக் கூட்டுத்தொகை 0.5 அல்லது அதற்கும் கீழே வரவேண்டும். அதாவது இரண்டுமே கால் பங்காகக் குறைந்தால்தான் அந்தக் கோட்டைத் தொடமுடியும். ஏன் இவ்வளவு கறார்? ஒரே மருந்தை ஒரே பாக்டீரியாவிடம் இரண்டு நாள் சோதித்தாலே விடை ஒரு படி, அதாவது இரட்டிப்பாகவோ பாதியாகவோ, முன்பின்னாக வரும். நான் கொண்டாடிய பாதி, அந்தத் தடுமாற்றத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

அன்று இரவு அழுதேன். மூன்று தனித்தனி நாள்களில் திரும்பச் செய்தும் 0.5ஐத் தொடவில்லை. ஆனால் ஒன்றை ஒன்று கெடுக்கவும் இல்லை. அப்படியே எழுதினேன். எழுதியதில் இன்றும் எனக்கு நிம்மதி.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், தேர்வாளர் கேட்டார்: "அப்போ காயத்துக்கு இதனால் என்ன பயன்?" கிருமியைக் கொல்வது காயம் ஆறுவதில் ஒரு பகுதிதான், புதுத் திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் நகர்ந்து வந்து இடைவெளியை மூடவேண்டும், அதை நான் சோதிக்கவில்லை என்றேன். தலையாட்டினார்.

வீட்டில் அம்மா, ஆயின்ட்மென்டோடு இலையைக் கசக்கிப் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் சோதித்தது எத்தனாலில் ஊறி, வடிகட்டி வந்த சாறு. வேலியோரத்து இலையில் மண் இருக்கும், மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கலாம்.

இந்த ஆண்டு ஜூனியர் ஒருத்தி இதே சாற்றை எடுத்து, படலமாக வளர்த்த செல்களின் நடுவே கீறல் போட்டு அது மூடுவதை அளக்கப் போகிறாள். என் நோட்டை அவளிடம் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் சிவப்பு மையில்: சாறு மட்டும் உள்ள வரிசையை மறக்காதே.