ஆடிக்கு முன் வந்த நான்கு நோட்டுகள்

ஜூலை 9, 2025, புதன்

கடைசிக் கல்யாணப் பத்திரிகைக் கட்டும் நேற்றுப் போய்விட்டது. இனி ஆவணி வரை மாரியம்மன் கோயில் கூழ் நோட்டீசும் பில் புத்தகமும்தான். அச்சு மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் படியேறி வந்தார். மஞ்சள் துணிப்பையில் தன் வாழ்க்கையை எழுதிய நான்கு நோட்டுகள். அணைக்கட்டை ஒட்டிய இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து பஸ் பிடித்து தர்மபுரிக்கு வந்திருக்கிறார். 2021இல் அரசு அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. கண்டக்டர்கள் இன்னும் 'அகதி கேம்ப்' என்றுதான் கூவுகிறார்கள்.

"நூறு பிரதி போதும், பிள்ளை. விற்பதற்கு இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு" என்றார். கனடாவில் இருக்கும் மகன் பணம் அனுப்புவாராம். என்னை 'பிள்ளை' என்று அழைத்து எத்தனை காலம் ஆகிறது! எனக்கு வயது ஐம்பத்து மூன்று.

முதல் நோட்டின் முதல் வரி: '1983ஆம் ஆண்டு தொடங்கிய யுத்தம்.' அதில் 1983ஐ அடித்து மேலே 1956. அதையும் அடித்துப் பக்கத்தில் 1972. அதன்மேலும் ஒரு கோடு, ஆனால் லேசாக, மனமில்லாமல் போட்டதுபோல. மூன்று ஆண்டும் மூன்று மையில் இருக்கின்றன.

"எந்த வருடத்தை அடிக்கட்டும், அக்கா?" என்று கம்ப்யூட்டரில் இருக்கும் பெண் கேட்டாள். எங்கள் தொழிலில் அடிப்பது என்றால் தட்டச்சு செய்வது. அவருடைய நோட்டில் அடிப்பது என்றால் கோடு போடுவது. இப்போதைக்கு நான்கு பூஜ்யம் போட்டு வைக்கச் சொன்னேன்.

ஜூலை 12, சனி

நான்காம் நோட்டில் பாதியை மகன் அங்கேயே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. பாமினி எழுத்துரு. ஈழத்துக்காரர்கள் கோப்பு அனுப்பினால் பத்துக்கு எட்டு அதில்தான் வரும். மாற்றியில் போட்டு எடுத்தோம். கொம்பும் காலும் இடம் மாறிய சொற்களைத் திருத்தவே மதியம் ஆகிவிட்டது.

பெண் தானாகவே 'கதிரை'யை 'நாற்காலி' ஆக்கியிருந்தாள். 'வெளிக்கிட்டோம்' என்பது 'புறப்பட்டோம்' ஆகியிருந்தது. பெரியவரிடம் போனில் சொன்னேன். "புறப்படுவது கோயிலுக்கு, கலியாணத்துக்கு. நாங்கள் வெளிக்கிட்டோம். கதிரையையும் விட்டுவிடுங்கள், அதில்தான் என் அப்பா இருந்தார்" என்றார். எல்லாவற்றையும் பழையபடி மாற்றினோம்.

ஜூலை 16, புதன்

மெய்ப்புப் பார்க்கத் தோழர் வந்தார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு நாற்பது வருடமாகியும் ஊருக்கு அவர் தோழர்தான். பெரியவரும் அப்போது இருந்தார். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தது என் தவறு. கூழ் நோட்டீஸ் வேலை அப்படியே நின்றது.

தோழருக்கு யுத்தம் 1948இல் தொடங்குகிறது. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் போட்டு இந்திய வம்சாவளி மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள், அடுத்து வாக்குரிமையும் போனது. "ஏழைக்கு வாக்கு இருந்தால் இடதுசாரிகளுக்குப் போய்விடும் என்ற பயம் ஐயா. சிங்களம் மட்டும் என்ற மொழிச் சட்டமெல்லாம் பிறகு, 1956இல் வந்தது" என்றார். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தேயிலைச் சிப்பத்தைப் போலப் பிரித்துக்கொண்டார்கள். பிறகு பெரியவரைப் பார்த்து, "அன்றைக்கு யாழ்ப்பாணம் ஏன் எழவில்லை?" என்று கேட்டார்.

பெரியவர் மறைக்கவில்லை. "செல்வநாயகம் எழுந்தார். அதற்காகவே தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சி தொடங்கினார். நாங்கள் எழவில்லை. எங்களுக்கு அவர்கள் தோட்டக்காட்டார்."

அவருடைய ஆண்டு 1972. அந்த ஆண்டு புதிய அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்ததால் மட்டும் அல்ல. அவர் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய காலம் அது. தரப்படுத்தல் வந்த புதிதில் பொறியியலுக்குத் தமிழில் எழுதியவருக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 227 போதும். இவர் எடுத்தது 241. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த எண்ணைச் சொல்லும்போது இன்னும் உதடு இறுகுகிறது. பொறியியலாளர் ஆகவேண்டியவர் கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதினார்.

தோழர் விடவில்லை. மொழிவாரி வெட்டு அநியாயம்தான், ஆனால் அதன் பின் வந்த மாவட்டக் கோட்டாவையும் அதோடு சேர்த்துத் திட்டலாமா என்றார். பள்ளியில்லாத முல்லைத்தீவுத் தமிழ்ப் பிள்ளைக்கும் அதனால் இடம் கிடைத்ததே. "தர்மபுரி மாதிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பின்தங்கிய மாவட்டத்துக்கு ஒதுக்கீடு கூடாது என்று நான் எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டிலேயே மருத்துவப் படிப்புக்கு மாவட்டவாரி இடம் பிரித்தார்கள். 1968இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது."

எனக்கு இது புதிது. தரப்படுத்தல் என்றால் முழுக்க அநியாயம் என்றுதான் மேடைகளில் கேட்டிருக்கிறேன். இருவரில் யார் சரி என்றால், தோழரின் வாதம் சரி, பெரியவரின் 241ம் சரி. ஒரு அரசு கையில் மொழிக்கோலை எடுத்துவிட்டால், பிறகு நியாயமான கோலை எடுத்தாலும் அடிபட்டவன் நம்பமாட்டான். பெரியவர் தேநீர் குடிக்காமலே கிளம்பினார்.

ஜூலை 20, ஞாயிறு

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. மாமாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மாமா 1987இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர். அந்த இரண்டரை வருடத்தைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை. பக்கங்களைக் காட்டு என்றார். அச்சகத்துக்கு ஸ்கூட்டரில் கூட்டிவந்தேன்.

அவர் பார்வை எளிமையானது. யுத்தத்தை வளர்த்தது டெல்லி. "1983க்குப் பிறகு பையன்களுக்குத் துப்பாக்கி கொடுத்தோம், பயிற்சி கொடுத்தோம். மேட்டூருக்குப் பக்கத்தில் கொளத்தூரிலேயே முகாம் இருந்தது. பிறகு அந்தத் துப்பாக்கியைப் பிடுங்கிவா என்று எங்களை அனுப்பினார்கள்." ஏறக்குறைய 1,200 இந்தியச் சிப்பாய்கள் அங்கே செத்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல்கள் சென்னைக்கு வந்தபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்புக்குப் போகவில்லை. மாமா அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

இரண்டாம் நோட்டில் 1987 அக்டோபர் 21 வருகிறது. தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்து சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என 60 பேருக்கும் மேல் செத்தார்கள். உள்ளிருந்து புலிகள் சுட்டதால் நடந்த சண்டை அது என்பது படையின் தரப்பு. பிழைத்தவர்கள் சொல்வது வேறு. பெரியவரின் அத்தை ஒருத்தி அங்கே கால்முறிவுக்குப் படுத்திருந்தார். கட்டிலுக்கு அடியில் கிடந்து மறுநாள் பிழைத்து வந்தார் என்று எழுதியிருக்கிறார். அவ்வளவுதான், இரண்டே பத்தி.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அப்போது பலாலி விமானத்தளத்தில் இருந்தேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "பலாலியில்தான்." யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 23, புதன்

இன்றோடு 42 வருடம். திருநெல்வேலியில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டது 1983 ஜூலை 23 இரவு. நம் திருநெல்வேலி இல்லை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. பெண் பாதி அத்தியாயம் வரை தாமிரபரணிக் கரையை நினைத்துக்கொண்டு அடித்திருக்கிறாள்.

பெரியவரின் அண்ணன் கொழும்பு வெள்ளவத்தையில் கடை வைத்திருந்தார். அந்தச் சாவுக்குப் பழிவாங்கத் தமிழர்களைத் தேடிக் கும்பல் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தது. பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் அவர்களை இரண்டு இரவு சமையலறையில் வைத்திருந்தது. பிறகு அகதி முகாம், கப்பல், வடக்கே காங்கேசன்துறை.

சிங்களத் தரப்பில் இந்தக் கதையை 13 பேரின் சாவிலிருந்து தொடங்குவார்கள். தமிழ்த் தரப்பு, அதற்கு இரண்டு வருடம் முன் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்ததே என்று கேட்கும். ஆளாளுக்கு ஒரு முந்தைய நாள் இருக்கிறது. அந்த முதல் வரியில் ஏன் அத்தனை கோடு என்பது இன்றுதான் விளங்கியது.

ஜூலை 27, ஞாயிறு

யாழ்ப்பாணத்துச் செம்மணியில் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வருகின்றன. ஒரு சிறு கூட்டின் அருகில் நீல நிறப் பள்ளிப் பை. 1998இலேயே ஒரு சிப்பாய், 300க்கு மேல் உடல்கள் அங்கே புதைந்திருக்கின்றன என்று நீதிமன்றத்தில் சொன்னான். மறுவருடம் தோண்டியபோது 15தான் எடுத்தார்கள். பெரியவர் செய்தித்தாளை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

2009 ஞாபகம் வந்தது. ஜனவரி கடைசியில் முத்துக்குமார் சென்னையில் தீக்குளித்தபின் இந்த அச்சகத்தில் இரவு பகலாக போஸ்டர் ஓடியது. கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லோரும் வந்தார்கள். அப்பா கடனுக்கு அடித்துக் கொடுத்தார். மே 13 தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு, மே 18 முள்ளிவாய்க்கால். அதற்குப் பிறகு பாக்கி கேட்கப் போன இடத்தில் எல்லாம், "இந்த நேரத்தில் காசு கேட்கிறீர்களே" என்றார்கள். அந்தப் பாக்கி நோட்டு இன்னும் இருக்கிறது. கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை செத்திருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. எங்கள் ஊரில் அது சில தேர்தல்களுக்குப் பேச்சாயிற்று.

மாலையில் தோழர் மெய்ப்பைத் திருப்பித் தந்தார். மூன்றாம் நோட்டில் ஓர் இடத்தில் பென்சிலால் '1990?' என்று மட்டும் எழுதியிருந்தார். பார்த்தால், மார்ச் 1990இல் இந்தியப்படை போவதோடு ஓர் அத்தியாயம் முடிகிறது. அடுத்தது 1995 அக்டோபர் 30. ராணுவம் முன்னேற, யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து சனம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்ட நாள். இடையில் ஐந்து வருடம் இல்லை.

"அதே அக்டோபர் 30தான், 1990இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்துப் புலிகள் விரட்டினார்கள். வடக்கு முழுக்க 70,000 பேருக்கு மேல். அதற்கு முன் ஆகஸ்டில் கிழக்கே காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தவர்களைச் சுட்டார்கள். இதை எழுதாமல் அதை எழுதலாமா?" என்றார் தோழர்.

ஜூலை 30, புதன்

பெரியவரிடம் மெய்ப்பைக் கொடுத்தேன். பென்சில் குறியை வெகுநேரம் பார்த்தார். அழிப்பான் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "வெள்ளிக்கிழமை முகாமில் பதிவு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்" என்றார். இறங்கும்போது, மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் ஈழத் தமிழர் வழக்கில் இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் அல்ல என்று சொன்னது பற்றிப் பேச்சு வந்தது. "தர்மசத்திரம் இல்லைத்தான் பிள்ளை. தர்மபுரிதானே" என்று சிரித்தார். முகாமில் பிறந்து பி.காம். முடித்த பேத்திக்கு பாஸ்போர்ட் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊர் முழுக்க ஒகேனக்கலுக்குப் போய்விட்டது, பஸ்ஸில் படிக்கட்டு வரை கூட்டம். அதில் எப்படியோ தொற்றிக்கொண்டு பெரியவர் வந்திருக்கிறார். சட்டைப்பையில் மடித்த ஒரே தாள், நோட்டிலிருந்து கிழித்ததல்ல. மடிப்பு மங்கி, ஓரம் பஞ்சாகிவிட்டிருந்தது. எப்போது எழுதியது என்று நான் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவில் ஒரு தையற்காரர். கூட்டுறவுக் கடையில் இவரோடு முப்பது பேச்சு, நாற்பது சண்டை. முஸ்லிம்களை விரட்டிய அன்று பகல் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வெளியேறுகிறவர்களின் பையைப் புலி இயக்கப் பெடியள் சோதிக்கிறார்கள், நகையும் காசும் போகிறது, சைக்கிளும் போகும். "வைத்திருங்கள், வருவேன்" என்று கடை வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். பூட்டுச் சாவியை இவர் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டுப் போனார். இவர் ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து வருடம் சைக்கிளை ஓட்டாமல் வைத்திருந்தார். 1995 அக்டோபர் 30 மழையில் அம்மாவை அதன் கரியரில் உட்காரவைத்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். அங்கிருந்து கிளிநொச்சி. 1996இல் மன்னார்க் கரையில், படகுக் கூலிக்குக் குறைந்த தொகைக்கு அதை விற்றார். 'நான் இந்தியாவுக்கு வந்தது அவருடைய சைக்கிளில்' என்று தாள் முடிகிறது.

"பின்னிணைப்பாகப் போடலாமா, பிள்ளை?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். பின்னிணைப்பு என்றால் யாரும் படிக்காத இடம், அதை அச்சடிப்பவளுக்குத் தெரியாதா? "1990இல் நடந்ததை 1990இல் வையுங்கள் ஐயா" என்றேன், குரலை இவ்வளவு உயர்த்தியிருக்க வேண்டாம். அவர் தலையாட்டினார். மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, தோழர் போட்ட கேள்விக்குறியை மட்டும் அடித்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

புதிய அத்தியாயத்தால் பக்கங்கள் நகர்ந்து ஒரு பாரம் (ஒரே தாளில் சேர்த்து ஓட்டும் பக்கங்கள்) கூடுகிறது. பொருளடக்கத்தையும் மாற்றவேண்டும். கூடுதல் தாளுக்கு மகனிடம் கேட்கப் போவதில்லை, நோட்டீஸ் தாளில் மிச்சம் பிடித்துக்கொள்கிறேன். மாமா ஒரு பிரதி வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டிருக்கிறார், என்னிடம் கேட்கவில்லை. 101 ஆக ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் பாரத்திலிருந்து பிளேட் எடுத்தாகிவிட்டது. முதல் வரியில் நான்கு பூஜ்யம் அப்படியே இருக்கிறது. போனில் கேட்டால், "யோசிக்கிறேன் பிள்ளை" என்கிறார். எப்படியும் முதல் பாரத்தைக் கடைசியாகத்தான் ஓட்டுவோம். ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் வரும் வரைக்கும் மெஷின் சும்மாதான் இருக்கும்.