வெள்ளித் தகட்டில் கன்னச் சிவப்பு

டாகரோடைப் என்பது வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்த தொடக்ககால ஒளிப்படம். அதற்குக் கையால் வண்ணம் ஏற்றும்போது ஈரத் தூரிகைக்கு வேலை குறைவு. உருவம் வெள்ளிப் பரப்பின் மேல் படிந்த நுண்துகள்களால் ஆனது. விரல் பட்டாலே அழிந்துவிடும். 1840-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிஸோ, தங்க குளோரைடு கலந்த கரைசலை ஊற்றிச் சூடாக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் அது தூரிகையைத் தாங்கியது.

மாவாக அரைத்த நிறமியோடு உலர்ந்த அரபிக் கோந்துத் தூளைக் கலப்பார்கள். மெல்லிய மயிர்த் தூரிகையின் நுனியால் ஒற்றி, மிச்சத்தை ஊதித் தள்ளி, தகட்டின் மேல் வாயால் ஆவி விடுவார்கள். அந்த ஈரத்தில் கோந்து இளகிப் பொடியைப் பிடித்துக்கொள்ளும். பொடி கூடினால் தகட்டின் பளபளப்பு போய், முகம் சுண்ணாம்பு அப்பியதுபோல் ஆகிவிடும். கன்னத்துக்கு ஓர் ஒற்றல் போதும். அதற்கு மேல் போனால் படம் கெட்டது.

இன்னொரு சிக்கல், அந்தத் தகடுகள் நீல ஒளிக்கே நன்றாக மசியும். நீலப் பட்டு வெளுத்தும் சிவப்புச் சால்வை கருத்தும் விழும். உடையின் நிறத்தை அப்போதே குறித்து வைக்காவிட்டால் பின்னால் ஊகிக்க வழியில்லை.

காகிதப் படங்கள் வந்ததும் வண்ணக்காரர் கை தாராளமானது. பாரிஸின் மேயர்–பியர்சோன் ஒளிப்பட நிலையம் இதற்குப் பேர்போனது. 1856 முதல் அங்கே இத்தாலியச் சீமாட்டியான காஸ்டில்யோனே கோமாட்டி படமெடுத்துக்கொண்டார். உடை, நிற்கும் விதம் எல்லாம் அவர் முடிவு. சில படங்களின் மேல் ஓவியர் அக்கிலின் ஷாட், குவாஷ் எனும் ஒளி ஊடுருவாத நீர்வண்ணம் தீட்டினார். ஃபேஷன் ஒளிப்படத்தின் தொடக்கமாக, பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் பால் புவாரேயின் உடைகளை ஒளிப்படக் கலைஞர் ஸ்டைக்கன் 1911-இல் எடுத்த படங்களைச் சொல்வார்கள். நான் கோமாட்டியிடமிருந்தே தொடங்குவேன்.