கெணத்துக்குள்ள 40 செகண்ட்

ஆகஸ்ட் 7
ஹவுசிங் வந்துருச்சு, கேமராவைத் தண்ணிக்குள்ள எறக்கறதுக்கு மாட்டற பெட்டி. செகண்ட்ஸ்தான், ஆனாலும் கேமராவை விட இதுதான் விலை ஜாஸ்தி, அம்மாகிட்ட மூச்சு விடல. கையில தூக்குனா ஆட்டுக்கல்லாட்ட கனக்குது.

ஆகஸ்ட் 8
கேமரா வெக்காம உள்ள டிஷ்யூ பேப்பரை மட்டும் போட்டு மாட்டுத் தொட்டியில ஒரு மணி நேரம் அமுக்கி வெச்சேன். பேப்பர் நனையல. எருமை வந்து மோந்து பாத்துட்டுப் போச்சு.

ஆகஸ்ட் 10
ஊட்டுல ஏசி இருக்கறது அப்பா ரூம்ல மட்டுந்தான். வெளிய இந்தப் புழுக்கத்துல மூடுனா ஈரக்காத்து உள்ளயே மாட்டிக்கும், கெணத்துத் தண்ணி சில்லுனு பட்டதும் கண்ணாடி உள்பக்கம் பனி புடிச்சுக்கும். அதனால அவரு கட்டிலுக்குப் பக்கத்துலயே துணி விரிச்சு ஒக்காந்து, தண்ணி புகாம அடைக்கற ரப்பர் வளையம், அந்த ஓ ரிங்கைக் கழட்டி, தொடச்சு, வெரல் நுனியில சிலிக்கான் கிரீஸ் தொட்டு பட்டும் படாம தடவுனேன். கிரீஸ் அதிகமானாலும் தப்பு, தூசியைக் கூப்புட்டு ஒட்டிக்கும். ஈரத்தை உறிஞ்சற சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டை உள்ள சொருகுனேன். அப்பா தலையத் திருப்பி பாத்துட்டே இருந்தாரு. வாய் கோணுனதுக்கு அப்பறம் அவரு சொல்றது பாதி எனக்குப் புரியறதில்ல, அம்மாதான் சொல்லோணும். இது மட்டும் புரிஞ்சுது. "வாசரா கண்ணு?"
ஆமாங்கப்பா, வாசர் மாதிரிதான்.
"புட்வால்ல வாசர் போயிருக்கும். பாரு." கெணத்துல மோட்டார் பைப்போட அடி முனையில இருக்கற வால்வைச் சொல்றாரு.

ஆகஸ்ட் 11
மொத எறக்கம். கெணறு 60 அடி, தண்ணி 30 அடி நிக்குது. மாப்ள மேல கயித்தைப் புடிச்சுக்கிட்டான், 50 எண்ணுனா இழுத்துருவான், அதுதான் பேச்சு. அடிக்கற பச்சை. அவனோட செவப்புத் துண்டை கல்லைக் கட்டி உட்டேன், 15 அடியில அது கருப்பட்டி கலரு. செவப்பைத்தான் தண்ணி மொதல்ல முழுங்குது, படிச்சது வேற, கண்ணால பாக்கறது வேற. லைட்டைப் போட்டா தூசி எல்லாம் முன்னாடி வந்து நின்னுக்குது, மழையில ஹெட்லைட் போட்டாப்ல. லைட்டு மாட்டுன ரெண்டு கையையும் நல்லா அகட்டி வெச்சு சைடுல இருந்து அடிச்சதுக்கு அப்பறம்தான் ஜிலேபிக் கெண்டை நாலு ஒழுங்கா உழுந்துச்சு.

மத்தபடி ஒண்ணும் தேறல.

ஆகஸ்ட் 13
புரோக்கர் ரெண்டு பேரைக் கூட்டியாந்து கெணத்து மேட்டுல நிக்க வெச்சான். எட்டிப் பாத்தாங்க. டீ கூட குடிக்கல.

ஆகஸ்ட் 15
வாய்க்கால்ல தண்ணி உட்டாச்சு. நம்ம பக்கம் வந்து, கசிஞ்சு, கெணத்துல ஊறி ஏர்றதுக்கு நாளாகும். அந்தக் கசிவை நம்பித்தான இத்தனை கெணறு, வாய்க்காலுக்கு கான்கிரீட் போடாதீங்கன்னு இத்தனை சண்டையும் அதுக்குத்தான. அப்பா நடமாட்டமா இருந்தா இன்னிக்கு வாய்க்கா மேட்டுலதான் இருந்திருப்பாரு. எவ்வளவு எச்சா ஏறுதோ அவ்வளவுக்கு அடியில வெளிச்சம் கம்மி, எனக்கு அந்த கவலை.

ஆகஸ்ட் 18
ஆகஸ்ட் 22 வாக்குல சூரியன் நம்மூருக்கு நேர் உச்சிக்கு வருது. வருஷத்துக்கு ரெண்டு வாட்டிதான், ஏப்ரல்ல ஒண்ணு, இது ஒண்ணு. மதியம் 12:23, நிழலே இருக்காது, கெணத்துக்குள்ள வெயில் செவுத்துல படாம நேரா அடிக்குப் போகும். அடுத்த ஏப்ரல்ல இந்தக் கெணறு யாரோடதோ. 25ஆம் தேதி ரெஜிஸ்டர்.

ஆகஸ்ட் 20
ஒத்திகைன்னு கெளம்பினா, ஹவுசிங்ல கசிவு இருக்கான்னு காட்டற வேக்கம் லைட்டு பச்சையில இருந்து செவப்புக்குப் போயிருச்சு. திறந்து பாத்தா ஓ ரிங் மேல ஒரு மசுரு. நரைச்ச மசுரு, அப்பாவோடது. ஒரு மசுரு போதும் அத்தனை லட்சமும் தண்ணியில. கை நடுக்கம் நிக்கவே இல்ல, சாப்பாடும் எறங்கல. தூங்காம அவரைத் திட்டிட்டே கெடந்தேன், மனசுக்குள்ளதான்.

ஆகஸ்ட் 21
மோடம். வானம் பூராம் மேகம்.

ஆகஸ்ட் 22
கெடச்சுருச்சு. 12:10 வரைக்கும் மேகம், மாப்ள "போலாம்டா"ங்கறான், நான் தண்ணியில மொதந்துட்டே கெடந்தேன். பொசுக்குனு வெயில் உழுந்துச்சு. மூணு எறக்கம். 4கேல 60 ஃப்ரேம் வெச்சா என் கேமரா, ஏ7 ஃபோர், சைடை வெட்டிருது, அதனால 25லயே வெச்சு வீடியோ. மூணாவதுல ஸ்டில்லு, ஷட்டரை 320க்கு ஏத்துனாத்தான் கதிரு கதிரா வெளிச்சம் தனித்தனியா நிக்குது. அடியில மல்லாக்கப் படுத்து மேல பாத்தேன், கெணத்து வாய் சின்ன சதுரமா, அதுல மாப்ள தலை, தூக்கணாங்குருவிக் கூடு, எல்லாம் ஆடிட்டு. 40 செகண்ட் இருக்கும். கயிறு இழுபட்டப்ப கோவந்தான் வந்துச்சு.

ஆகஸ்ட் 23
அப்பாவுக்கு லேப்டாப்ல போட்டுக் காட்டினேன். கதிரு வர்ற எடத்துல அவரு மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன். இடது கையைத் தூக்கி நிறுத்துன்னாரு. நிறுத்தினேன். மூலையக் காட்டுனாரு, பெருசு பண்ணுன்னாரு. ஸ்டில்லுதான், 33 மெகாபிக்சல், எவ்வளவு இழுத்தாலும் தாங்குது. பாசி புடிச்ச பைப்பு, அதுக்கு அடியில புட்வால், ஜல்லடையில ஒரு சாக்குத் துணி சுத்திக் கெடக்குது.
"அதா"ன்னாரு.
விக்கப் போற கெணத்துக்கு எதுக்குங்கப்பான்னு அம்மா முன்னாடி கேட்க முடியுமா. நாளைக்கு எறங்கோணும். சாக்கை அறுக்க அருவா போதும், ஸ்பேனர்தான் 22ஆ 24ஆ தெரியல, ரெண்டையும் இடுப்புல கட்டிக்கலாம்னு