கூத்துக் கொப்பி யூனிகோட்டுக்கு: மூன்றாம் ஞாயிறு

இரண்டு கிழமையாக என்னை அலைக்கழித்தது ஒரே ஒரு சொல். சேர்ந்து. நேற்று இரவு பதினொன்றரைக்கு ஆளைப் பிடித்துவிட்டேன். அந்தச் சந்தோசத்தில் சாப்பிடாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெரியப்பா ஏட்டண்ணாவியார், கூத்துக் கொப்பியைக் கையில் வைத்துப் பார்ப்பவர். வலையிறவுப் பாலம் தாண்டினால் அவர் ஊர். கையெழுத்துக் கொப்பியில் இருந்த வடமோடிக் கூத்து ஒன்றை 2003இல் ஒரு கடையில் கொடுத்து, யூனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டுவித்து, சீடியில் போட்டு வைத்திருந்தார். மூன்று வேர்ட் கோப்பு, ஒரு வெறும் டெக்ஸ்ட் கோப்பு. என் லப்டொப்பில் சீடி போட இடமே இல்லை. கல்முனையில் பாவித்த யூஎஸ்பி சீடி டிரைவ் ஒன்று 3,500 ரூபாய்க்குக் கிடைத்தது. "இதெல்லாம் இப்ப ஆர் தம்பி கேக்குறாங்க" என்று கடைக்காரர் தூசி தட்டித் தந்தார். கேபிள் தரவில்லை. அதற்குத் தனியாக 400.

பழைய வேர்ட் கோப்பை லிப்ரே ஒபிஸில் திறந்து புது வடிவத்தில் சேமித்து, பைதனில் துண்டு துண்டாக எழுத்துருப் பெயரைப் பார்த்து, பாமினி என்று இருப்பதை மட்டும் மாற்றுவது. பாமினியில் எழுத்துக்கு முன்னால் தட்டுகிற கொம்பைத் தூக்கிப் பின்னால் வைப்பது. இதெல்லாம் அரை நாள் வேலை. எண்பது வரி. பெருமையாகத்தான் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. படைகள் சேர்ந்து வருகிற தரு, அந்தக் கூத்துப் பாட்டு, எங்கே? தேடும் பெட்டியில் தட்டினேன். ஒன்றும் இல்லை. திரும்பவும் தட்டினேன். பூச்சியம். பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு, திரையில் விரலை வைத்தார். "இஞ்ச கிடக்கே மனே, இது என்ன?"

உண்மைதான். கண்ணுக்கு முன்னால் 'சோ்ந்து' என்று கிடக்கிறது. தேடினால் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

முதலில் எடிட்டரைச் சந்தேகித்தேன். பிறகு ஒகர உயிர்க்குறியைச் சந்தேகித்தேன். அதை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு வேறு அரவு (ா) வேறாக இரண்டு குறியாகவும் எழுதலாம் அல்லவா. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிப் பார்த்தேன். பயனில்லை. கடைசியில் அந்தச் சொல்லை ஒவ்வொரு குறியாகப் பிரித்து அச்சிட்டால்தான் தெரிகிறது: ச, ஓகாரக் குறி, குற்று (மெய்யெழுத்தின் புள்ளி), ந, குற்று, து. ரகரமே இல்லை! சோ என்ற எழுத்தின் தலையில் ஒரு குற்றைக் குத்தி வைத்திருக்கிறது என் ஸ்கிரிப்ட். அரவுக்கு மேல் குற்று விழுந்தால் அது 'ர்' மாதிரியே தெரியும். மனிசக் கண்ணுக்கு வித்தியாசமே இல்லை.

காரணம் பாமினியின் எச் விசை. அது அரவு. ஆனால் அரவும் ரகரத்தின் உடம்பும் ஒரே வடிவம் என்பதால், ர், ரி, ரீ தட்டும்போது தட்டெழுத்தாளர்கள் யூ விசைக்குப் போகாமல் எச்சையே அடித்துவிடுவார்கள். தாளில் அழகாக வரும். என் ஸ்கிரிப்டின் மாற்று அட்டவணையோ இரட்டைக் கொம்பு, ச, அரவு என்று மூன்றும் வரிசையாகக் கிடைத்ததும் 'சோ' என்று ஒட்டிவிட்டது. பின்னால் வந்த குற்று அநாதை.

இதில் எரிச்சல் என்னவென்றால், நான் முதலிலேயே 'போர்' என்ற சொல்லை வைத்துச் சோதித்திருந்தேன். அது சரியாக வந்தது. ஏனென்றால் அதில் எச் இரண்டு தடவை வருகிறது. ஒன்று அரவாகப் போக, மற்றது ரகரமாக மிஞ்சியது. 'பேர்', 'தேர்', 'நேர்' மூன்றும் செத்துக் கிடந்தன. சோதிக்க ஒரு சொல் எடுத்தால் இப்படித்தான் வாய்க்கும்.

திருத்தம் ஒரே வரி: எச்சுக்குப் பின்னால் குற்றோ விசிறியோ (ி, ீ) வந்தால், வேறெதையும் ஒட்டுவதற்கு முன்பே அதை ரகரமாக்கு. மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் முன்னும் பின்னும் ஒப்பிட்டேன். 214 இடம் மாறியிருந்தது. இந்தச் 'சோ்ந்து' இணையத்தில் செய்திகளிலும் நிறையக் கிடக்கிறது. இனி அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கும்.

இதே சூட்டில், கொம்பும் ளகரமுமாகக் கிடந்த 'கெளரவர்', 'திரெளபதி' இரண்டையும் ஔகாரத்துக்கு மாற்றப் போனேன். கொம்புக்குப் பின்னால் வெறும் ளகரம் வந்தால் ஔ என்று விதி எழுதினேன். கட்டியகாரன் பேச்சில் "வெளங்குதா" என்று வருகிற இடமெல்லாம் "வௌங்குதா" ஆகிவிட்டது. விதியை எறிந்துவிட்டுப் பதினாறு சொல்லைக் கையால் பட்டியல் போட்டேன். கெட்டித்தனமான ரெஜெக்ஸ் தேடல் விதியை விட முட்டாள் பட்டியல் நல்லது.

கூத்தாடும் களரியில் போனிலேயே பார்த்துப் பாட, கறுப்புப் பின்னணியில் பெரிய எழுத்தாகக் காட்டும் பக்கம் ஒன்றும் செய்யலாம் என்று யோசனை. தருவுக்கு ஒரு நிறம், விருத்தத்துக்கு ஒரு நிறம். விடியும்வரை பற்றரி நிற்குமா என்பதுதான் கேள்வி. அது மறுகா.

ஏனென்றால் நாலாவது கோப்பு இன்னும் முடியவில்லை. டெக்ஸ்ட் கோப்பு என்பதால் எழுத்துரு விபரம் இல்லை. பாமினியில் காற்புள்ளி விசைதான் 'இ'. தட்டியவர் எழுத்துருவை மாற்றி உண்மைக் காற்புள்ளி போட்ட இடமெல்லாம் "வீமன்இ நகுலன்இ" என்று நிற்கிறது. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் தனி உயிர் வராதே, அங்கெல்லாம் காற்புள்ளியாக்கு என்று விதி போட்டேன். தருக்களில் இழுத்துப் பாடுகிற இடம் "ஏறிஇஇ" என்று எழுதியிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. "ஏறி,," ஆகிவிட்டது.

இரண்டு மூன்று 'இ' சேர்ந்து நின்றால் இழுவை என்று விட்டுவிடலாம். இகர ஓசைக்குப் பின்னால் ஒற்றை 'இ' நிற்கிற 31 இடம் மட்டும் எப்படியும் சொல்ல முடியாது. அச்சடித்துப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். அவர் வாசிக்கவில்லை; தொடையில் தாளம் போட்டு ஒவ்வொன்றாகப் பாடினார். பாடி முடித்து, "இதுல இழுவை", அடுத்ததற்கு, "இதுல மூச்சு விடுற இடம், புள்ளியப் போடு". பன்னிரண்டு முடிந்தது. தேத்தண்ணி வந்ததால் மிச்சம் அடுத்த ஞாயிறு.