பாண்ட் சேரும் பிளாக் பரேட்டும்

பொப் பிரையர் இறந்த செய்தி 2024 நவம்பர் கடைசியில் வந்தது. அடுத்த மாரியில், நம் கல்லூரி பாண்டைப் பழக்கிய பாண்ட் சேர் போனார். முதலாமவருக்கு 44 வயது. அமெரிக்க றொக் குழுவான மை கெமிக்கல் றொமான்ஸில் 2004 முதல் 2010 வரை ட்ரம்ஸ் அடித்தவர். இரண்டாமவர் யார் என்று பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலரை வாசிக்கிற ஆருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மலர்க்குழு என்னிடம் கேட்டது சேரைப் பற்றி மட்டும்தான். ஆனால் இந்த இரண்டு பேரையும் பிரித்து எழுத எனக்கு வராது. பொறுமை இல்லாதவர்கள் நடுப்பக்கத்தில் பிக் மட்ச் படங்களைப் பார்க்கலாம்.

2002-இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை திறந்த பிறகு ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து குவிந்தது நினைவிருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தவன் கனடா ஸ்காபரோப் பெரியம்மாவின் மகன். நுளம்புக்கடி தாங்காமல் சொன்ன திகதிக்கு முன்னமே கொழும்புக்கு ஓடிவிட்டான். அவன் விட்டுப்போன சப்பாத்துப் பெட்டிக்குள் கொஞ்சம் சீடிகள் கிடந்தன. அதில் இரண்டு என்னைப் பிடித்துக்கொண்டன. ஒன்று பிளிங்க்-182 குழுவின் 'எனிமா ஒஃப் த ஸ்டேட்', 1999. மற்றது சம் 41 குழுவின் 'ஓல் கில்லர் நோ ஃபில்லர்', 2001. முன்னதன் அட்டையில் கையுறை மாட்டிக்கொண்டு நின்ற நேர்ஸ் அக்காவை முருகன் கலண்டர் தாள் வெட்டி மூடி வைத்தேன். பாட்டுகளின் சொற்கள் முக்கால்வாசி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய கால்வாசி அம்மாவுக்கு விளங்காமல் போனது புண்ணியம்.

சம் 41 பொடியன்கள் கனடாவின் அஜக்ஸ் ஊர்க்காரர். இன்றைக்கு நம் சங்கத்தில் பாதிப்பேர் வீடு வாங்கிக் குடியிருக்கிற அதே அஜக்ஸ்தான். அன்றைக்கு அது எனக்கு வெறும் பெயர். சீடி உறைக்குள் இருந்த படத்தில் கிற்றார்காரர் ஒருவர் எங்கள் நிறம், டேவ் பக்‌ஷ். கயானா இந்திய வம்சாவளி என்று பின்னர் அறிந்தேன். வகுப்பில் மட்டும் அவர் மட்டக்களப்பு ஆள் என்று ஒரு கதை கொஞ்சக் காலம் ஓடியது.

ஆனால் என்னைக் கெடுத்தது பிளிங்க்-182 குழுவின் ட்ரம்ஸ்காரர் டிராவிஸ் பார்க்கரின் கை. வரி முடிகிற இடமெல்லாம் ஒரு உருட்டு. நேராக அடித்துவிட்டுப் போகலாம் என்று தெரிந்தும் போகமாட்டார். நான் அப்போது பாண்டில் சைட் ட்ரம், இரண்டாம் வரிசை. சேர் எப்படிப் பழக்கினார் என்பது தெரியும்தானே. ஒரு தவணை முழுக்க மாமரத்தடி வாங்கில் வெறும் தடி. ட்ரம்மைத் தொடவும் விடமாட்டார். வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. சாப்பாட்டுக் கோப்பையிலும் அதையே தட்டி அப்பாவிடம் வாங்கிக் கட்டியவர்கள் நம்மில் பலர். பார்க்கரின் உருட்டைப் பிரித்துப் பிரித்துக் கேட்டபோது உள்ளே கிடந்தது மாமரத்தடிப் பாடம்தான். அவரும் கலிபோர்னியாவில் ஃபொன்டானா உயர்நிலைப் பள்ளியின் மார்ச்சிங் பாண்டில் அடித்து வளர்ந்தவர் என்று தெரிய வெகுகாலம் ஆனது. 2005-இல் தெரிந்திருந்தால் சேருக்குச் சாட்சி காட்டியிருக்கலாம்.

அந்த வருட இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கடைசி ஒத்திகை. நான்கு இல்லமும் வரிசையில் நின்றன. அன்றைக்கென்று பார்த்து மகளிர் கல்லூரியிலிருந்து பியூகிள் இரவல் வாங்க வந்தவர்கள் மதிலோரம் நின்றார்கள். எட்டாவது அடி முடிகிற இடத்தில் நான் ஒரு உருட்டைப் போட்டேன். அடுத்த எட்டில் இன்னொன்று, கொஞ்சம் நீளமாக. மூன்றாவதில் முன்வரிசைக் கால்கள் குழம்பி, கொடி பிடித்தவன் பின்னால் வந்தவனின் சப்பாத்தில் ஏறினான். விசில் ஊதியது.

"ஆரடா அது?"

"நான்தான் சேர்."

"ஆருக்கடா அடிக்கிறாய்?"

"விளங்கேல்லை சேர்."

"நீ ஆருக்கு அடிக்கிறாய் எண்டு கேக்கிறன். அவங்கள் காலை வைக்கிறதுக்கு அடிக்கிறாய். உன்ர கையரிப்புக்கு இல்லை."

தடியை வாங்கி ஒன்பதாம் வகுப்புப் பொடியன் ஒருவனிடம் கொடுத்தார். அவன் அடிக்க, நான் மட்டும் தனியாக மைதானத்தை ஒரு சுற்று மார்ச் செய்ய வேண்டும். கை தோளுயரம். பார்வை நேரே. நான்கு இல்லமும் மகளிர் கல்லூரியும் பார்த்துக்கொண்டு நின்றன. பொடியன் ஒரு சொட்டும் கூடக் குறைய அடிக்கவில்லை. போட்டியன்று நான் பார்வையாளர் பக்கம் கதிரை அடுக்கினேன். இன்றைக்கும் சொல்வேன், அந்த உருட்டு நல்லாத்தான் இருந்தது.

மற்றதைச் சுருக்கிச் சொல்கிறேன். 2006 ஓகஸ்ட் 11-ஆம் திகதி பாதை மூடியது. ஒக்டோபரில் உலகத்தின் மறுபக்கத்தில் மை கெமிக்கல் றொமான்ஸின் 'த பிளாக் பரேட்' அல்பம் வெளிவந்த கிழமை நான் சங்கக் கடையில் சீனிக்கு வரிசையில் நின்றிருப்பேன். பிறகு கப்பல், திருகோணமலை, கொழும்பு, கடைசியில் பனி கொட்டிக் கிடந்த ஸ்காபரோவில் பெரியம்மா வீட்டு பேஸ்மென்ட். நுளம்புக்கு ஓடினவன் இப்போது கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு கறுப்பில் திரிந்தான். தன் பெனியன் ஒன்றை எனக்கும் தந்தான். அதைப் போட்டு எடுத்த படத்தை ஊருக்கு அனுப்ப, அம்மா தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: "செத்தவீட்டுக்கோ போறாய்?"

உண்மையில் 'த பிளாக் பரேட்' செத்தவீட்டு அல்பம்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருவன் சாகக் கிடக்கிறான். சாவு மனிதனுக்கு அவனுடைய மிக ஆழமான நினைவின் உருவத்தில் வரும் என்பது பாடகர் ஜெராட் வேயின் கற்பனை. சின்ன வயதில் அப்பா நகரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டிய பாண்ட் ஊர்வலம் அந்த நோயாளியை அழைத்துப்போக வருகிறது. ஜெராட் வே நியூ ஜேர்சி ஆள். 2001 செப்டெம்பரில் நியூயோர்க் கோபுரங்கள் விழுந்ததைக் கண்ட பிறகு குழுவைத் தொடங்கியவர். பாடவும் கீறவும் பழக்கிய அம்மம்மா எலீனா செத்ததற்கு 2004 அல்பத்தில் ஒரு பாட்டு வைத்தவர். செத்தவீடு தெரிந்த மனிதர்.

அந்த ஊர்வலப் பாட்டின் தொடக்கத்தில் பியானோவில் ஒரு தனிச் சுரம் விழும். கொஞ்சம் பொறுத்து சைட் ட்ரம் வரும், எந்த அலங்காரமும் இல்லாமல், நடக்கிறவர்களுக்கு அடிப்பதுபோல. அதுதான் பொப் பிரையர். நான் கட்டிலில் எழும்பி இருந்தேன். பிறகு பாட்டு வெடித்து ஓடத் தொடங்கும். அந்த இடத்தில் ஆராலும் நடக்க முடியாது. சேர் கேட்டிருந்தால் விசில் ஊதியிருப்பார். எனக்குச் சாவு எந்த உருவத்தில் வரும் என்று யோசித்தேன். கழுத்தில் விசிலோடுதான் வரும்.

எமோ என்று சொல்கிற, மனவேதனையைக் கொட்டிப் பாடும் இந்த வகைப் பாட்டு முழுவதையும் தூக்கிப் பிடிக்கிற ஆள் நானில்லை. எமோ என்ற பெயருக்கு 1985-இல் வோஷிங்டனில் வித்திட்ட 'றைட்ஸ் ஒஃப் ஸ்பிறிங்' போன்ற குழுக்களே அந்தப் பெயரை விரும்பவில்லை. பின்னால் வந்த பல அல்பங்களில் பெட்டை விட்டுப்போனதற்கு நாற்பது நிமிடம் ஒப்பாரி. வசதியான புறநகர்ப் பிள்ளைகளின் கண்ணீர் என்று சொல்லிவிடலாம். ஆனால் நாங்கள் வளர்ந்தது, அழுதால் பொடியன் பயந்துபோவான் என்று பெரியவர்கள் அழாத வீடுகளில். ஒருவன் தொண்டை கிழியக் கத்தி அழுது, அதற்கு ஆயிரம் பேர் சேர்ந்து பாடுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சம் 41 ஒருதடவை எங்கள் பக்கத்து அனுபவத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். 2004-இல் ஆவணப்படம் எடுக்கக் கொங்கோவுக்குப் போய், புக்காவு நகரில் சண்டைக்குள் அகப்பட்டார்கள். ஹோட்டலில் கிடந்தவர்களை வெளியே கொண்டுவர உதவியவர் ஐ.நா. பணியில் இருந்த கனடியர், சக் பெலெற்றியர். அந்த வருட அல்பத்துக்கு 'சக்' என்றே பெயர் வைத்தார்கள். நல்ல நன்றி. எங்கள் ஊரில் அப்படிப் பெயர் வைக்கத் தொடங்கினால் அல்பம் போதாது.

2025 ஜனவரி 30, ரொறன்ரோவில் அவர்களின் கடைசி நிகழ்ச்சி. போனேன். நம் நிர்வாக சபையில் ஒருவரையும் அங்கே கண்டேன். பெயர் சொல்லமாட்டேன். கறுப்பு பெனியன், முழங்காலுக்குப் பட்டி, இரண்டாம் பாட்டிலேயே கதிரை. அதே ஆண்டு மை கெமிக்கல் றொமான்ஸ் 'த பிளாக் பரேட்' முழுவதையும் மைதானங்களில் வாசித்துக்கொண்டு ரொறன்ரோவுக்கும் வந்தது. ட்ரம்மில் வேறொருவர். என் மகளுக்கு இதெல்லாம் பழங்காலம். ஆனால் அவள் கேட்கிற ஒலிவியா றொட்ரிகோவின் 2021 பாட்டொன்றில், எங்கள் காலத்துப் பரமோர் குழுக்காரர் இருவரின் பெயரைப் பாட்டெழுதியவர்களாகப் பிறகு சேர்க்க வேண்டி வந்தது. பழங்காலம் அவ்வளவு தூரத்தில் இல்லை.

டேவ் பக்‌ஷ் 2006-இல் சம் 41 குழுவை விட்டுப்போனார். 2015-இல் திரும்பி வந்தார். அவருக்கு இடம் இருந்தது. நானும் 2006-இல் போனவன். 2015-இல் ஊருக்குப் போய்ச் சேரை வீட்டில் பார்த்தேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரை, தேத்தண்ணி, பனங்கட்டி. ஆண்டைச் சொன்னேன், வரிசையைச் சொன்னேன், மைதானச் சுற்றைச் சொன்னேன். முகம் அவருக்குப் பிடிபடவில்லை.

"ரெண்டாம் வரிசையோ? இடப்பக்கமோ?"

"ஓம் சேர்."

"அந்த ட்ரம்முக்குத் தோல் சரியில்லை. இழுத்துக் கட்டினாலும் நிக்காது. பாதை பூட்டின பிறகு மாத்தவும் வழியில்லை. இப்பவும் அடிக்கிறியோ?"

"இல்லை சேர். அங்க போனாப் பிறகு தொடேல்லை."

"ஏன்?"

வேலை, இரவு ஷிஃப்ட், பிள்ளைகள் என்று ஏதோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பாதை பூட்டியிருந்த காலத்தில் மிஞ்சிய பொடியன்களை வைத்து எப்படிப் பாண்டை நடத்தினார் என்று சொல்லத் தொடங்கினார். நல்ல கைகளெல்லாம் போய்விட்டன என்றார். அதில் என்னையும் சேர்த்துச் சொன்னாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சேரின் நினைவாகக் கல்லூரிக்கு ஒரு முழு ட்ரம் செட் அனுப்பச் சங்கம் யோசிப்பதாக அறிகிறேன். என்னைக் கேட்டால் அது வேண்டாம். மேடைக்கு வடிவாக இருக்கும், பரிசளிப்பு விழா முடிய ஸ்டோர் ரூமுக்குள் போகும். அனுப்புவதானால் சைட் ட்ரம்முக்கு 14 அங்குலத் தோல் அனுப்புங்கள், பெட்டி பெட்டியாக. உருட்டுப் பழகுகிறவன் முதலில் கிழிக்கிறது தோலைத்தான்.