‘பதிந்தவர்’ என்ற ஃபீல்டு

மேலாளர் தொலைபேசியில் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான். "தம்பி, அந்த 40 பெட்டியைச் சேதம்னு கழிச்சது யாருன்னு பாத்துச் சொல்லுங்க." சர்வரில் நுழைந்து, டேட்டாபேஸில் அந்த வரியை எடுத்துப் பார்த்து, பில் போடும் அக்காவின் பெயரைச் சொன்னேன். "நிச்சயமா அவங்கதானா?" என்றார். "நிச்சயம் சார், அந்தப் பேரை யாராலயும் மாத்த முடியாது" என்றேன். செயலியைப் பயன்படுத்துபவர்களால் பெயரை மாற்ற முடியாது என்பது உண்மை. ஆனால் அவர் கேட்டது அதுவல்ல.

அவ்வளவு உறுதியாக நான் பேசியதற்குக் காரணம் உண்டு. ஜாங்கோ என்ற இணையச் செயலிகள் எழுதும் கருவியில் செய்யப்பட்ட அந்தச் சரக்குச் செயலி என் கைக்கு வந்தபோது, சரக்குப் பதிவுப் படிவத்தில் ஊழியர்கள் எல்லோருடைய பெயரும் ஒரு பட்டியலாக இருந்தது. பதிபவர் எந்தப் பெயரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். அதைக் கண்ணுக்குத் தெரியாத ஃபீல்டாக மாற்றினாலும் பயனில்லை, ஏனென்றால் பிரவுசரில் பக்கத்தின் நிரலைத் திறந்து, அதிலுள்ள ஊழியர் எண்ணை மாற்றி அனுப்ப யாராலும் முடியும். கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தடம் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்கு நடைமுறைக்கு வந்திருந்ததால், சரக்கிருப்புக்கும் அதுபோல் வேண்டும் என்று ஆடிட்டரும் சொல்லியிருந்தார். ஆகவே அந்த ஃபீல்டைப் படிவத்திலிருந்தே நீக்கிவிட்டு, சேமிப்பதற்குச் சற்று முன் ரிக்வெஸ்ட்.யூசரை, அதாவது அப்போது லாகின் செய்திருப்பவரின் பெயரை, எடுத்து சர்வரே எழுதிக்கொள்ளும்படி செய்தேன். இன்று கேட்டாலும் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ரிக்வெஸ்ட்.யூசருக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கணினியில் கடைசியாக யாருடைய கடவுச்சொல் அடிக்கப்பட்டது என்பது மட்டுமே. ஜாங்கோவில் நாமாக மாற்றாவிட்டால் ஒரு லாகின் 12,09,600 விநாடிகள், அதாவது இரண்டு வாரம், உயிரோடு இருக்கும். நான் மாற்றவில்லை. கவுன்டரில் இருந்தது ஒரே கணினி. அக்கா ஆறு மணிக்கு வீட்டுக்குப் போன பிறகு, குடோன் பையன்கள் அவர் லாகினிலேயே பதிவுகளைப் போட்டுவந்தது அங்கே எல்லோருக்கும் தெரியும், எனக்கும் மேலாளருக்கும் தவிர.

அதைக்கூட அன்றே நான் கண்டுபிடித்திருக்கலாம். பெயருக்குப் பக்கத்திலேயே நேரம் இருந்தது: 14:40, அதன் பின்னால் சின்னதாக +00. பிற்பகல் இரண்டு நாற்பது, அக்கா இருக்கையில் இருக்கும் நேரம் என்று என் கண் படித்துக்கொண்டது. சர்வர் காட்டியது யூடிசி எனும் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் இரவு 8:10. தினமும் அந்த +00-ஐப் பார்க்கிறவன் நான்.

மேலாளர் நேரத்தைக் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. நான் சொல்லாவிட்டாலும் அறிக்கையைத் திறந்து அவரே அந்தப் பெயரைப் பார்த்திருப்பார் என்பதும் சரிதான். ஆனால் அறிக்கையைப் பார்த்திருந்தால் அவருக்குச் சந்தேகம் எழ இடம் இருந்திருக்கும். நான் சொன்ன "நிச்சயம்" அந்த இடத்தை அடைத்துவிட்டது. அக்காவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். இரண்டு நாள் கழித்து நேரத்தைச் சரியாகக் கணக்கிட்டு நான் மேலாளரை மீண்டும் அழைத்தபோது, "அதான் பேசி முடிச்சாச்சே, விடுங்க தம்பி" என்றார்.

அக்கா என்னிடம் கோபப்படவில்லை. "முன்னாடி லிஸ்டுல அந்தப் பையன் பேரை எடுத்துதான் தம்பி போடுவோம். நீங்கதான் அதை எடுத்துட்டீங்களே" என்றார். யார் வேண்டுமானாலும் பொய் சொல்லக்கூடிய அந்தப் பட்டியலில் அவர்கள் உண்மையைத்தான் பதிந்து வந்திருக்கிறார்கள். அதற்காகப் பழையதையே திருப்பி வைத்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே பட்டியலில் ஒருவர் பழியை இன்னொருவர் தலையில் கட்டவும் முடியும் அல்லவா?

இப்போது லாகின் அரை மணி நேரத்தில் காலாவதியாகிறது. ‘பதிந்தவர்’ தானாக நிரம்புகிறது. ‘சரக்கைக் கையாண்டவர்’ என்று இன்னொரு ஃபீல்டைப் படிவத்தில் சேர்த்திருக்கிறேன், அதைப் பதிபவர் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய வரிகளில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. அந்த 40 பெட்டி வரியிலும் அப்படித்தான். ‘பதிந்தவர்’ என்ற இடத்தில் அக்காவின் பெயர் அப்படியே நிற்கிறது. ஒரே கட்டளையில் அதை நான் மாற்றிவிடலாம், ஆனால் மாற்றவில்லை.