சின்ன ஸ்பாட்லைட்டின் வெளிச்சத்தை குறைந்த செலவில் விரிக்க

10 டிகிரி கோணத்தில் ஒளிக்கற்றை விரியும் ஒரு சின்ன எல்இடி ஸ்பாட்லைட் 3 மீட்டர் தள்ளி சுமார் அரை மீட்டர் வட்டம்தான் போடும், நடிப்பவர் ஓர் அடி நகர்ந்தாலே முகம் இருட்டில் போய்விடும். விளக்கைப் பின்னால் தள்ளலாம், ஆனால் தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். அதனால் நான் எப்போதும் சொல்வது ஃப்ராஸ்ட் ஃபில்டர்தான், அதாவது விளக்கின் முன்னால் வைத்து வெளிச்சத்தைப் பரப்பும் மங்கலான தாள்: ஒரே தாளை வெட்டிப் பல விளக்குகளுக்குப் போடலாம், கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றாலும் வட்டத்தின் ஓரம் மென்மையாகி முகங்கள் அவ்வளவு அழகாகத் தெரியும். முதலில் மெல்லிய ரகம், போதாவிட்டால் அப்புறம் இன்னோர் அடுக்கு. ஹாலஜன் விளக்கா? அதற்கென்றே செய்த வெப்பம் தாங்கும் ஃபில்டர் மட்டும் போடுங்கள், சமையலறைத் தாளும் பிளாஸ்டிக்கும் வேண்டவே வேண்டாம், உருகும், தீயும் பிடிக்கும்.